லோமு நோயோடுதான் ஓடினாரா?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். 1995 ரக்பி உலகக் கிண்ண அரையிறுதியில் நியூசிலாந்தின் ஜோனா லோமு இங்கிலாந்து அணியைப் புரட்டிப் போட்டபோதே அவருடைய சிறுநீரகம் கெட்டிருந்தது என்கிறார்களே, அது உண்மையா, பின்னால் கட்டிய கதையா? ஆனால் கடைசி வரியில், உங்கள் தம்பிக்கு 19 வயது, கால்பந்து ஆடுகிறான், அவனுக்கும் லோமுவுக்கு வந்த அதே நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் (சிறுநீரில் புரதம் ஒழுகும் நோய்) என்று சொல்லியிருக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆக, இந்த நோய் வந்த உடம்பு எவ்வளவு தூரம் ஓடும் என்பதுதான் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது. நான் சிறுநீரக வைத்தியன். கண்டியில் படித்த காலத்தில் ரக்பி ஆடியவன். அந்த ஊரில் வளர்ந்தவனை அந்த விளையாட்டு லேசில் விடாது. அதனால் இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சொல்லப் பார்க்கிறேன். லோமுவின் மருத்துவக் கோப்பை நான் பார்த்ததில்லை. வெளியே வந்த விவரங்களையும், இதே நோயோடு வரும் இளைஞர்களைப் பல வருடங்களாகப் பார்த்த பழக்கத்தையும் வைத்துத்தான் பேசுகிறேன். இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஆளைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். லோமு 1975 மே 12ஆம் திகதி ஆக்லாந்தில், பசிபிக் தீவு நாடான டொங்காவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தார். சின்ன வயதில் சில வருடங்கள் டொங்காவின் ஹாபாய் தீவுகளில் உறவினர் வீட்டில் வளர்ந்து, பிறகு தெற்கு ஆக்லாந்தின் மாங்கரே பகுதிக்குத் திரும்பினார். வறுமையும் தெருச் சண்டையும் நிறைந்த சூழல். அதிலிருந்து பையனைப் பிரித்தெடுக்க வெஸ்லி கல்லூரி விடுதியில் சேர்த்தார்கள். அங்கே அவர் ஆடியது முன்வரிசையாளர்கள் பக்கம், அதாவது பந்துக்காக முட்டி மோதும் கனத்த ஆட்டக்காரர்களோடு. அந்த வரிசையில் 8ஆம் எண் இடத்தில் ஆடப் பழகிய பையனைத்தான் நியூசிலாந்துத் தேர்வாளர்கள் விங்கில், அதாவது வேகமாக ஓடுகிறவர்கள் நிற்கும் மைதான ஓரத்தில், நிறுத்தினார்கள். 6 அடி 5 அங்குலம் உயரம், ஏறக்குறைய 118 கிலோ எடை. அந்தக் காலத்து விங் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் 80, 90 கிலோதான் இருப்பார்கள்.

1994 ஜூன் 26ஆம் திகதி கிறைஸ்ட்சர்ச்சில் பிரான்ஸுக்கு எதிராக முதல் டெஸ்ட், அதாவது நாட்டு அணிகள் மோதும் ஆட்டம். வயது 19 வருடம் 45 நாள். ஆல் பிளாக்ஸ் எனப்படும் நியூசிலாந்து அணியின் டெஸ்ட் வரலாற்றிலேயே வயதில் இளையவர். அந்தத் தொடரின் இரண்டு ஆட்டங்களிலும் நியூசிலாந்து தோற்றது. எங்கே நிற்பது, எப்போது பின்னால் ஓடுவது என்பதெல்லாம் புதிய இடத்தில் அவருக்குப் பிடிபடவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கண்டுபிடித்து அந்தப் பக்கமாகவே பந்தை உதைத்தார்கள். அப்புறம் அவர் அணியிலிருந்து நீக்கப்பட்டார்.

1995 தொடக்கத்தில் நடந்த பயிற்சி முகாம்களை உங்கள் கேள்விக்காகக் கவனிக்க வேண்டும். பயிற்றுநர் லாரி மெயின்ஸ் ஆட்டக்காரர்களை ஈவிரக்கமில்லாமல் ஓடவிட்டவர். நீண்ட ஓட்டங்களில் லோமு திணறினார், உலகக் கிண்ண அணியில் இடம் கிடைக்குமா என்பதே கடைசி வரை சந்தேகமாக இருந்தது. பிறகு அணியில் இடம் கிடைத்து, ஜொஹானஸ்பேர்க்கில் அயர்லாந்துக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே இரண்டு ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) போட்டார். கால் இறுதியில் ஸ்கொட்லாந்துக்கு எதிராக ஒன்று. ஜூன் 18ஆம் திகதி கேப் டவுன் நியூலண்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக நான்கு.

அந்த நான்கில் முதலாவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இன்னொரு தடவை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். பந்து நல்ல பாஸாக வரவில்லை. அவருக்குப் பின்னால் போய்த் துள்ளுகிறது. நின்று, திரும்பித்தான் எடுக்கிறார். டோனி அண்டர்வுட்டை வெளிப்பக்கமாகக் கடக்கிறார். பின்னால் துரத்திவந்த வில் கார்லிங் காலைத் தட்டிவிட, தடுமாறுகிறார். எதிரே மிச்சம் இருப்பது மைக் கேட் மட்டும். லோமு இன்னும் நிமிரவே இல்லை. விழப்போகிற அந்த வேகத்தோடேயே கேட்டின் மேல் ஏறிக் கடந்து கோட்டுக்கு அப்பால் போய் விழுகிறார். பெரிய உடம்பு, அதனால் இடித்துக்கொண்டு போனார் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இதைச் சரியாகப் பார்க்கவில்லை என்பேன். அத்தனை எடையுள்ள ஒருவர் நின்ற இடத்திலிருந்து அந்த வேகத்தை எடுத்ததும், தடுமாறியபோதும் கால்களை விடாமல் நகர்த்தியதும்தான் அதிசயம். ஆட்டம் 45-29 என்று முடிந்தது.

சரி, நோய்க்கு வருகிறேன். சிறுநீரகத்துக்குள் இலட்சக்கணக்கான நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. தேநீர் வடிகட்டியின் வலை நைந்துபோனால் சாயத்தோடு தூளும் இறங்குவதுபோல, இவை பழுதானால் இரத்தத்தில் தங்க வேண்டிய அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் இறங்கிவிடும். ஒரு நாளைக்கு 3.5 கிராமுக்கு மேல் புரதம் போய், இரத்தத்தில் அல்புமின் குறைந்து, உடம்பு வீங்கினால் அதை நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்கிறோம். காலையில் கண் இமை உப்பியிருக்கும். சிறுநீர் நுரைத்து, அந்த நுரை அடங்காமல் நிற்கும். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் குழி அப்படியே இருக்கும். இது ஒரே நோய் அல்ல. பல நோய்கள் காட்டும் பொதுவான முகம். சில வகை மாத்திரைக்கு முழுதாக அடங்கிவிடும். சில வகை வருடக்கணக்கில் அரித்துச் சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும். எந்த வகை என்பதைப் பெரும்பாலும் பயாப்ஸிதான், அதாவது சிறுநீரகத்திலிருந்து ஊசியால் எடுக்கும் துணுக்கின் பரிசோதனைதான் சொல்லும்.

உங்கள் கேள்விக்கு முக்கியமான விஷயம் இதுதான்: வடிகட்டி ஒழுகத் தொடங்கிய காலத்தில், கழிவை வெளியேற்றும் வேலை வழக்கம்போலவே நடக்கலாம். இரத்தசோகை இன்னும் வந்திருக்காது, தசைக்குப் போகும் ஒட்சிசன் குறையாது. அப்படிப்பட்ட கட்டத்தில் ஒரு இளைஞன் சில விநாடிகள் முழு வேகத்தில் ஓடுவதை நோய் தடுக்காது. அந்த மாதிரி ஓட்டத்துக்குத் தசைக்குள் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் சக்தியே போதும். அடிபடுவது நீண்ட ஓட்டமும், ஓடியபின் களைப்பு ஆறும் வேகமும். மெயின்ஸின் முகாமில் லோமு திணறியதையும் நியூலண்ட்ஸில் பறந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஆரம்பநிலை நோயாளி ஒருவரின் படம்போலத்தான் எனக்குத் தெரிகிறது.

ஆனால் தெரிகிறது என்பது நிரூபணம் ஆகாது. நோய் கண்டுபிடிக்கப்பட்டது 1995 இறுதியில். நோயோடுதான் ஆடினேன் என்று லோமுவே பிற்காலத்தில் பேசியிருக்கிறார். ஆனால் ஜூன் மாதத்தில் சிறுநீரில் புரதம் இருந்தது என்று காட்டும் பரிசோதனை எதையும் யாரும் வெளியிட்டதில்லை. இந்த நோய் வாரக்கணக்கிலும் வரலாம், வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டும் வரலாம். 19 வயதில், 118 கிலோ எடையில், முன் அனுபவம் இல்லாத ஒரு முன்வரிசைப் பையன் நீண்ட ஓட்டத்தில் திணறுவதற்கு நோயே தேவையில்லை. அதனால் என் பதில்: சாத்தியம், அதுவும் நல்ல சாத்தியம். கட்டுக்கதை என்று ஒதுக்க மாட்டேன், நிச்சயம் என்றும் எழுத மாட்டேன். 1996 முதல் அவர் ஆடியதெல்லாம் நோயோடு ஆடியது என்பதில் மட்டும் எந்தச் சந்தேகமும் கிடையாது.

1995ஐச் சுற்றி இன்னும் இரண்டு கதைகள் உலவுகின்றன. அரையிறுதியைத் தொலைக்காட்சியில் பார்த்த ஊடக முதலாளி ரூபர்ட் மர்டோக் லோமுவுக்காகவே ரக்பியை விலைக்கு வாங்கினார் என்பது ஒன்று. நியூசிலாந்து, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா மூன்றும் அவருடைய நிறுவனத்தோடு செய்த 55 கோடி டொலருக்கு மேற்பட்ட பத்து வருட ஒப்பந்தம் இறுதியாட்டத்துக்கு முதல்நாள் அறிவிக்கப்பட்டது உண்மை. அவ்வளவு பெரிய ஒப்பந்தம் ஐந்து நாளில் பேசி முடிக்கக்கூடியதல்ல. பேச்சு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் மாதம் ரக்பி தொழில்முறை ஆட்டமானபோது, அதை விற்பதற்கு லோமுவின் முகம் உதவியது என்பது வரை சரி. இரண்டாவது கதை, இறுதியாட்டத்துக்கு முன் நியூசிலாந்து அணிக்கு யாரோ விஷம் வைத்தார்கள் என்பது. பல ஆட்டக்காரர்கள் வாந்தி, வயிற்றோட்டத்தில் படுத்தது உண்மை. வேண்டுமென்றே செய்தார்கள் என்பது ஒருபோதும் நிறுவப்படவில்லை, ஒரே சமையலறையில் சாப்பிட்ட கூட்டத்துக்கு அப்படி வருவது எந்த வைத்தியருக்கும் புதிதல்ல. அந்த இறுதியில் தென்னாபிரிக்கா கூடுதல் நேரத்தில் 15-12 என்று வென்றது. லோமு ட்ரை போடவில்லை. தன் வாழ்நாளில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக 12 டெஸ்ட் ஆடி ஒரு ட்ரைகூட அவர் போட்டதில்லை. அதற்குச் சிறுநீரகத்தைக் காரணம் காட்ட முடியாது. அவர் வேகம் எடுக்கும் முன்பே காலைப் பிடித்துக்கொள்ள அவர்கள் கற்றிருந்தார்கள்.

1997இல் பெரும்பகுதி அவர் ஆடவில்லை. கடுமையான மருந்துச் சிகிச்சை நடந்தது. இந்த நோய்க்கு நாங்கள் பெரும்பாலும் முதலில் கொடுப்பது ஸ்டீராய்டு. விளையாட்டுக்காரர்கள் திருட்டுத்தனமாக எடுக்கும் ஸ்டீராய்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அது தசையை வளர்க்கும், இது தசையைத் தின்னும். முகம் உப்பும், பசி எடுக்கும், தூக்கம் கெடும், தொடைத் தசை மெலிந்து மாடிப்படி ஏறவே கஷ்டமாக இருக்கும். அந்த வருட இறுதியில் பிரிட்டன் சுற்றுப்பயணத்துக்கு அவர் திரும்பி வந்தபோது, பழைய லோமு இல்லை என்று பலரும் முடிவு கட்டினார்கள்.

என்னைக் கேட்டால் அவருடைய உண்மையான பெருமை அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. 1998இல் கோலாலம்பூர் பொதுநலவாய விளையாட்டில் எழுவர் ரக்பித் தங்கம். 1999 உலகக் கிண்ணத்தில் எட்டு ட்ரை, 1995இல் ஏழுதான். நோய் உறுதியான பிறகு ஆடிய உலகக் கிண்ணத்தில் ஒன்று கூடுதலாகப் போட்டிருக்கிறார்! அரையிறுதியில் பிரான்ஸிடம் நியூசிலாந்து தோற்ற நாளிலும் அவர் இரண்டு போட்டார். 2000 ஜூலையில் சிட்னியில் 1,09,874 பேர் பார்த்த, நியூசிலாந்தும் அவுஸ்திரேலியாவும் மோதும் பிளெடிஸ்லோ கிண்ண ஆட்டம் இன்னொன்று. நியூசிலாந்து 24-0 என்று முன்னால் போய், அவுஸ்திரேலியா எட்டிப்பிடித்து, கடைசியில் 35-34 என்று முந்தியும் விட்டது. டெய்ன் ரண்டெலின் பாஸ் இடது ஓரத்தில் லோமுவிடம் வருகிறது. இந்த முறை யார் மேலும் ஏறவில்லை. ஸ்டீபன் லார்க்கமைத் தாண்டி, எல்லைக் கோட்டை மிதிக்காமல், அந்தப் பெரிய உடம்பைக் கால்விரல் நுனியில் நிறுத்திக்கொண்டு ஓடி முடிக்கிறார். 39-35. நெஃப்ரோடிக் நோயாளி ஒருவர், ஒரு கடுமையான ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் அப்படி ஓடியதை என் படிப்பால் முழுதாக விளக்க முடியவில்லை.

பிறகு சரிவு. 63 டெஸ்ட், 37 ட்ரை என்ற கணக்கோடு 2002 நவம்பரில் கார்டிஃப்பில் வேல்ஸுக்கு எதிராகக் கடைசி டெஸ்ட் ஆடினார். 2003 மே மாதம் அவர் வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் செய்கிறார் என்று அறிவித்தார்கள். காலில் நரம்புப் பாதிப்பும் வந்திருந்தது. கழிவு இரத்தத்தில் தேங்கும்போது உடம்பில் மிக நீளமான நரம்புகள்தான் முதலில் கெடும். அதாவது பாதத்துக்குப் போகிறவை. நோயாளிகள் மணலில் நடப்பதுபோல இருக்கிறது, செருப்பு கழன்றதுகூடத் தெரியவில்லை என்பார்கள். எல்லைக் கோட்டுக்கும் காலுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளியை உணர்ந்து ஓடியவருக்கு வந்தது அந்த நோய்.

2004 ஜூலையில் வெலிங்டன் வானொலி அறிவிப்பாளர் கிராண்ட் கெரெயாமா தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். அடுத்த வருடமே லோமு லண்டன் டுவிக்கென்ஹாமில், முன்னாள் இங்கிலாந்து அணித் தலைவர் மார்ட்டின் ஜோன்சனைக் கௌரவிக்கும் ஆட்டத்தில் இறங்கி, தோளில் காயப்பட்டார். அப்புறம் வேல்ஸின் கார்டிஃப் ப்ளூஸ் அணி, 2006இல் நியூசிலாந்தின் நோர்த் ஹார்பர் அணி. 2007 உலகக் கிண்ண அணியில் இடம்பிடிப்பது அவர் கனவு, அது நடக்கவில்லை. மாற்றிவைக்கும் சிறுநீரகத்தைப் பொதுவாக அடிவயிற்றில், அதிக ஆழமில்லாமல் பொருத்துவார்கள். விலா எலும்பின் பாதுகாப்பு அதற்குக் கிடையாது. ரக்பி போன்ற மோதல் விளையாட்டு வேண்டாம் என்றுதான் எங்களில் பெரும்பாலானோர் சொல்வோம், நானும் சொல்வேன். அவர் எடுத்த முடிவு அவருடையது. அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் யாருக்கும் முன்மாதிரியாகக் காட்டவும் மாட்டேன்.

தம்பி விஷயத்தில் இங்கேயிருந்து சிகிச்சை சொல்ல முடியாது. அவனைப் பார்க்கும் வைத்தியர்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் சிலவற்றை அழுத்திச் சொல்கிறேன். பயாப்ஸி தேவையா, செய்தால் என்ன வகை என்று கேளுங்கள். லோமுவின் முடிவை வைத்து அவன் முடிவைக் கணிக்க வேண்டாம், அவன் வயதில் மாத்திரைக்கே முழுதாக அடங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வீக்கம் இருக்கும் நாட்களில் கடும் பயிற்சி வேண்டாம். இந்த நோயில் இரத்தம் எளிதில் கட்டிப்படும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ அன்றே வைத்தியசாலைக்கு ஓடுங்கள். மைதானத்தில் பையன்கள் மிட்டாய் மாதிரி விழுங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வலி மாத்திரைகளை அவன் கையிலெடுக்கவே கூடாது. புரத மாவும் வைத்தியரைக் கேட்காமல் வேண்டாம். முகம் உப்புகிறது என்று வெட்கப்பட்டு ஸ்டீராய்டைத் தானாகவே நிறுத்திவிடுவதுதான் இந்த வயதில் நான் அதிகம் பார்க்கும் ஆபத்து. நோய் அடங்கியபின் ஓடலாமா என்றால், பெரும்பாலானவர்கள் ஓடலாம், ஓடவும் வேண்டும்.

லோமுவுக்குக் கிடைத்த சிறுநீரகம் ஏறக்குறைய ஏழு வருடம் வேலை செய்தது. 2011இல் நியூசிலாந்தில் உலகக் கிண்ணம் நடந்த சமயத்தில் அது கைவிட, மறுபடியும் டயாலிசிஸ். 2015 நவம்பர் 18ஆம் திகதி, பயணம் முடித்து ஆக்லாந்து திரும்பிய கையோடு, 40 வயதில் இறந்தார். சிறுநீரக நோயோடு தொடர்புள்ள மாரடைப்பு என்று செய்தி வந்தது. நீண்ட விமானப் பயணத்தில் இரத்தம் கட்டியிருக்கலாம் என்றும் பேசினார்கள். அது நடக்கக்கூடியதே, ஆனால் ஊகம். டயாலிசிஸ் நோயாளிகளின் இறப்புக்கு மிகப் பெரிய காரணம் இதயம்தான், இளவயதிலும் அப்படித்தான்.

நோய் இல்லாவிட்டால் எவ்வளவு தூரம் போயிருப்பார் என்பது மிச்சம் இருக்கிறது. 2003 உலகக் கிண்ணத்தின்போது அவருக்கு வயது 28. விங்கில் ஆடும் ஒருவருக்கு அது இறங்குமுகமான வயதல்ல. அதனால் குறைந்தது ஒரு உலகக் கிண்ணத்தை நோய் பறித்தது என்று சொல்லலாம். அதற்குமேல் ட்ரை எண்ணிக்கை போட்டுப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். இரண்டு உலகக் கிண்ணங்களில் 11 ஆட்டம், 15 ட்ரை. தென்னாபிரிக்காவின் பிரையன் ஹபானா அந்த 15ஐ 2015 ஒக்டோபரில் லண்டனில் தொட்டார், தன் மூன்றாவது உலகக் கிண்ணத்தில். டயாலிசிஸில் இருந்த லோமு அந்தப் போட்டிகளுக்காக அப்போது இங்கிலாந்துக்கு வந்திருந்தார்.